பெயர் சுவரில், உடல் பெயரற்ற குழியில்: போர்க்கைதியாக இறந்த எமில் கபானின் நிகழ்வு

ஹவாயின் ஹொனலூலு நகருக்கு மேலே, என்றோ அவிந்துபோன ஓர் எரிமலையின் வாய்க்குள், அமெரிக்கப் படைவீரர்களின் பெரிய கல்லறைத் தோட்டம் ஒன்று உள்ளது. அதன் கிண்ண வடிவத்தைக் கொண்டு அதை பஞ்ச்பௌல் என்று அழைக்கிறார்கள். அங்கே உயர்ந்து செல்லும் படிக்கட்டின் இருபுறமும் நிற்கும் கற்சுவர்களில், போரில் காணாமற்போய் உடல் கிடைக்காதவர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. கொரியப் போரில் காணாமற்போன 8,000க்கும் மேற்பட்டோரின் பெயர்களும் அவற்றில் உண்டு. கத்தோலிக்கப் படைக்குருவான கேப்டன் எமில் கபானின் பெயர் அவற்றுள் ஒன்று. அவருடைய உடல் வடகொரியாவில் யாலு ஆற்றங்கரையில் எங்கோ மண்ணோடு மண்ணாகிவிட்டது என்றே அவருடைய குடும்பத்தாரும், அவரோடு சிறையிருந்தவர்களும், அவர் பெயரில் பள்ளி நடத்தியவர்களும் ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் நம்பியிருந்தார்கள். ஆனால் அவருடைய எலும்புகள், பெயர் பொறித்த அதே சுவரிலிருந்து நடந்து போகும் தொலைவில், 'அறியப்படாதவர்' என்று மட்டும் எழுதிய ஒரு கல்லின் கீழ், 1956 முதலே இருந்துவந்தன. 2021 மார்ச் மாதத்தில்தான் இந்தப் பெயரும் அந்த உடலும் ஒன்றுசேர்ந்தன.

போர்க்கைதியாக இறந்த ஒருவரை நினைவுகூர்வதில், களத்தில் வீழ்ந்தவரை நினைவுகூர்வதில் இல்லாத ஒரு சிக்கல் இருக்கிறது. களத்தில் இறந்தவருக்கு அவருடைய படைப்பிரிவே சாட்சி. முகாமில் இறந்தவரின் சாவுக்கு அதிகாரபூர்வமான சாட்சி, அவரைச் சிறைவைத்த எதிரி மட்டுமே. அந்த எதிரி குறிப்பெழுதாமல் விட்டால், உடன் பட்டினி கிடந்த மற்றக் கைதிகளின் ஞாபகத்தைத் தவிர வேறு ஆவணம் மிஞ்சுவதில்லை. கபானின் நிகழ்வை நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம், அந்த ஞாபகம் என்ன செய்யக்கூடியது, எதை அதனால் செய்ய முடியாது என்ற இரண்டையும் இது தெளிவாகக் காட்டுகிறது என்பதே.

பிடிபட்ட இரவு

எமில் கபான் 1916 ஏப்ரல் 20 அன்று கான்சஸ் மாநிலத்தின் பில்சன் என்ற சிற்றூரில், பொஹீமியாவிலிருந்து வந்து குடியேறியவர்களின் ஊரில், உழவர் குடும்பத்தில் பிறந்தார். 1940இல் கத்தோலிக்கக் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். 1944இல் இராணுவத்தில் படைக்குருவாகச் சேர்ந்து, இரண்டாம் உலகப்போரின் கடைசிக் காலத்தில் பர்மாவிலும் இந்தியாவிலும் பணியாற்றினார். போர் முடிந்து ஊர் திரும்பியவர், 1948இல் மீண்டும் சீருடை அணிந்தார். 1950 ஜூலையில் அவருடைய 8ஆவது குதிரைப்படை ரெஜிமென்ட் கொரியாவில் தரையிறங்கியது. பெயரில் குதிரை இருந்தாலும் அது காலாட்படையாகவே போரிட்டது. ஜீப்பின் முன்மூடியைப் பீடமாக்கி அதன்மேல் துணி விரித்துத் திருப்பலி நிறைவேற்றும் கபானின் ஒளிப்படம் அந்த இலையுதிர் காலத்தில் எடுக்கப்பட்டது. பின்னாளில் அவரை அறியாதவர்களும் அறிந்த படம் அது.

1950 நவம்பர் 1ஆம் தேதி இரவு, வடகொரியாவின் உன்சான் என்ற இடத்தில், யாலு ஆற்றைக் கடந்து வந்திருந்த சீனப் படைகள் பெருந்திரளாகத் தாக்கின. ரெஜிமென்டின் 3ஆவது பட்டாலியன் சூழப்பட்டது. உடல் நலமாக இருந்தவர்கள் உடைத்துக்கொண்டு வெளியேறலாம் என்று உத்தரவு வந்தபோதும், தப்பிக்க வாய்ப்பிருந்த கபான் காயம்பட்டவர்களோடு தங்கிவிட்டார். காயம்பட்டுக் கிடந்தவர்களில் ஒரு சீன அதிகாரியும் இருந்தார். எஞ்சியிருந்தவர்களைக் கொல்லாமல் சரணடைய விடும்படி தம் தரப்பிடம் பேச அந்த அதிகாரியைக் கபான் சம்மதிக்க வைத்தார் என்று, பிற்காலத்தில் வழங்கப்பட்ட விருதுப் பத்திரம் பதிவுசெய்கிறது. பிடிபட்டு நடத்திச் செல்லப்பட்டபோது, கணுக்கால் உடைந்து பள்ளத்தில் கிடந்த சார்ஜென்ட் ஹெர்பர்ட் மில்லரின் தலைக்கு நேரே ஒரு சீன வீரர் துப்பாக்கியை நீட்டியிருப்பதைக் கபான் கண்டார். அவர் நேராகச் சென்று அந்தத் துப்பாக்கியைக் கையால் ஒதுக்கிவிட்டு, மில்லரைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். சுட்டிருக்க வேண்டியவர் ஏன் சுடவில்லை என்பது மில்லருக்கும் கடைசிவரை புதிராகவே இருந்தது.

இந்த ஒரு காட்சியை நான் திரும்பத் திரும்ப எண்ணிப்பார்க்கிறேன். கபானின் வீரத்துக்கு இது சான்று என்பது ஒருபுறம் இருக்க, அவரைப் பற்றிய நினைவு எப்படிப் பிழைத்தது என்பதற்கும் இதுவே விடை. அந்தப் பள்ளத்தில் மில்லர் சுடப்பட்டிருந்தால், நடந்ததைச் சொல்ல ஆளில்லை. கபான் காப்பாற்றியவர்களே கபானின் சாட்சிகளாக ஆனார்கள். வேறு எவரும் சாட்சியாக ஆகியிருக்க முடியாது.

சிறையில் ஏறத்தாழ ஏழு மாதங்கள்

கைதிகள் நாட்கணக்கில் வடக்கு நோக்கி நடத்தப்பட்டார்கள். நடக்க முடியாதவர்களைச் சுமக்க மறுத்தவர்களும் கபான் சுமப்பதைப் பார்த்துச் சுமந்தார்கள். இறுதியாக அவர்கள் சேர்ந்த இடம், யாலு ஆற்றோரத்தில் பியோக்டோங் என்ற ஊரில் அமைந்த 5ஆம் முகாம். போரில் தப்பி நின்ற மண்வீடுகளே முகாம். இரவுக் குளிர் உறைநிலைக்கு வெகு கீழே இறங்கியது. உணவாகக் கொஞ்சம் சோளமும் தினையும் கிடைத்தன. வயிற்றுப்போக்கு, நிமோனியா, சத்துக்குறைவால் வரும் பெரிபெரி, பெல்லாக்ரா ஆகிய நோய்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அந்த ஒரு முகாமில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலான சாவுகள் 1951இன் முதல் மாதங்களில் நேர்ந்தன. நோய் எதுவும் பெரிதாக இல்லாமலே, மனம் விட்டுப்போய், உண்ண மறுத்து, முகத்தை மூடிக்கொண்டு படுத்து ஓரிரு நாளில் இறந்தவர்கள் பலர் இருந்தார்கள் என்று திரும்பி வந்த கைதி மருத்துவர்கள் விவரித்திருக்கிறார்கள்.

இந்த இடத்தில் கபான் செய்தவை எவையும் பெரிய செயல்கள் அல்ல. குண்டுவீச்சில் விழுந்த கூரைத் தகட்டைக் கல்லால் தட்டிப் பாத்திரமாக்கினார். அதில் பனியை உருக்கி, நீரைக் கொதிக்கவைத்து எல்லோருக்கும் கொடுத்தார். அசுத்தமான நீரே ஆட்களைக் கொன்றுகொண்டிருந்த இடத்தில் அந்தக் கொதிநீர் மருந்தைப் போன்றது. கை தூக்க முடியாதவர்களின் உடலில் பேன் எடுத்தார். வயிற்றுப்போக்கால் படுத்த படுக்கையானவர்களின் துணிகளைத் துவைத்தார். இரவில் முகாமின் தானியக் கிடங்குகளிலிருந்தும் சுற்றியிருந்த வயல்களிலிருந்தும் உணவைத் திருடி வந்தார். திருடப் போகும் முன், இயேசுவோடு சிலுவையில் அறையப்பட்ட நல்ல கள்ளனான திஸ்மாஸை நோக்கி வேண்டிக்கொண்டார் என்று உடனிருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அதிகாரிகளும் சாதாரண வீரர்களும் தனித்தனியாக அடைக்கப்பட்டிருந்தும், காவலர் கண்ணில் படாமல் வீரர்களின் குடிசைகளுக்குச் சென்று, ஒரு செபம் சொல்லிவிட்டுத் திரும்புவார். கத்தோலிக்கர், புராட்டஸ்டண்ட், யூதர், எந்த நம்பிக்கையும் இல்லாதவர் என்ற வேறுபாட்டை அவர் பார்க்கவில்லை. 1951 மார்ச் 25 அன்று, உயிர்ப்புப் பெருவிழாவின் (ஈஸ்டர்) காலையில், தடையை மீறி வெளிப்படையாக வழிபாடு நடத்தினார்.

அனைத்துலகச் சட்டத்தின்படி படைக்குரு ஒருவர் போர்க்கைதியே அல்ல. 1949ஆம் ஆண்டின் மூன்றாவது ஜெனீவா உடன்படிக்கையின் 33ஆம் பிரிவு, மருத்துவர்களையும் குருக்களையும் கைதிகளின் நலனுக்காக மட்டும் தடுத்துவைக்கலாம், அவர்கள் தம் பணியைச் செய்ய வசதி அளிக்க வேண்டும் என்கிறது. அதே உடன்படிக்கையின் 120ஆம் பிரிவு, முகாமில் இறந்தவருக்கு இறப்புச் சான்று எழுதப்பட வேண்டும், தவிர்க்க முடியாத சூழல் இருந்தாலன்றித் தனிக்குழியில் அடக்கம் செய்யப்பட வேண்டும், அந்தக் குழியை அடையாளம் காணும்படி குறித்துவைக்க வேண்டும் என்று விதிக்கிறது. உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது 1950 அக்டோபர் 21 அன்று, கபான் பிடிபடுவதற்குப் பன்னிரண்டு நாட்களுக்கு முன்னால். ஆனால் அமெரிக்கா அதற்கு ஒப்புதல் அளித்தது 1955இல், சீனா 1956இல், வடகொரியா 1957இல். பியோக்டோங்கில் இறந்தவர்களின் பெயர்கள் எழுதப்படாமல் போனதற்குக் கொடுமை, அலட்சியம், குளிர் ஆகிய எல்லாமே காரணங்கள்தான் என்றாலும், எழுதியே ஆக வேண்டும் என்ற கடமை அப்போதுதான் உலகத்தில் வடிவம் பெற்றுக்கொண்டிருந்தது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

கபானின் காலில் இரத்தம் உறைந்து கட்டியது. முகாமில் இருந்த கைதி மருத்துவர்கள், மருந்து ஏதும் இல்லாமலே அவரை ஓரளவு தேற்றினார்கள். பின்னர் நிமோனியா வந்தது. காவலர்கள் அவரை 'மருத்துவமனை' என்று அழைக்கப்பட்ட கட்டடத்துக்குக் கொண்டுபோக வந்தபோது, கைதிகள் எதிர்த்து நின்றார்கள். ஏனெனில் அங்கே போனவர்கள் திரும்புவதில்லை என்பதால் அவர்கள் அதைச் 'சாவு வீடு' என்றே அழைத்துவந்தார்கள். கைகலப்பைத் தடுத்தவர் கபானே. தாம் எப்போதும் போக விரும்பிய இடத்துக்கே போவதாகவும், தமக்காக அழ வேண்டாம் என்றும் சொல்லிவிட்டு, தம்மைக் கொண்டுபோகிறவர்களை மன்னிக்கும்படி வேண்டிக்கொண்டார். 1951 மே 23 அன்று அங்கே இறந்தார். அப்போது அவருக்கு வயது 35. ஏழு வாரங்கள் கழித்து, ஜூலை 10 அன்று, போர்நிறுத்தப் பேச்சு தொடங்கியது. கைதிகளை விருப்பத்துக்கு மாறாக அனுப்பலாமா கூடாதா என்ற கேள்வியிலேயே அது நெடுங்காலம் சிக்கி நின்றது. இறுதியில், நாடு திரும்ப மறுத்த கைதிகளைப் பொறுப்பேற்ற நடுநிலை ஆணையத்துக்கு இந்தியாவின் ஜெனரல் திம்மையா தலைமை தாங்கினார்.

சுமந்து வந்தவர்கள்

1953 ஆகஸ்டில் பெரிய கைதிப் பரிமாற்றம் தொடங்கியபோது, பியோக்டோங்கிலிருந்து விடுதலையானவர்களில் சிலர் சிலுவையில் தொங்கும் இயேசுவை மரத்தால் செதுக்கிய பெரிய பாடுபட்ட சுரூபம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு எல்லையைக் கடந்தார்கள். அதைச் செதுக்கியவர் ஜெரால்டு ஃபிங்க் என்ற அமெரிக்க மரைன் படை விமானி, அவர் யூதர், கபான் இறந்த பிறகே அந்த முகாமுக்கு வந்தவர். தாம் பார்த்தே இராத ஒரு குருவைப் பற்றி மற்றவர்கள் ஓயாமல் பேசியதைக் கேட்டு, விறகுக்கட்டையில், கையால் செய்த கத்தியைக் கொண்டு மாதக்கணக்கில் செதுக்கினார். முள்முடியைக் கம்பித் துண்டுகளால் முடைந்தார். இந்த நிகழ்வின் முதல் நினைவுச்சின்னம் அதுவே. அது எழுந்தது நாட்டில் அல்ல, முகாமுக்குள்ளேயே, எழுப்பியவர்களும் கைதிகளே. இன்று அது விச்சிட்டா நகரில் கபான் பெயர் தாங்கும் உயர்நிலைப் பள்ளியில் உள்ளது.

கபான் ஒருவர் மட்டும் இப்படிச் சுமந்து வரப்படவில்லை. அதே போரில் வேறொரு கைதிக்கூட்டத்தில் இருந்த ஜானி ஜான்சன் என்ற இளம் வீரர், தம்முடன் இருந்து இறந்த 496 பேரின் பெயர்களையும் இறந்த நாட்களையும் கிடைத்த தாள்களில் நுணுக்கி எழுதி, ஒரு பிரதியைப் பற்பசைக் குழாய்க்குள் ஒளித்து 1953இல் வெளியே கொண்டுவந்தார். அதற்கான விருது அவருக்கு 1996இல்தான் கிடைத்தது. கொரியாவில் பிடிபட்ட அமெரிக்கர் ஏறத்தாழ 7,140 பேர். அவர்களில் 2,701 பேர் சிறையில் இறந்தார்கள். பத்துப் பேர் பிடிபட்டால் ஏறக்குறைய நால்வர் இறந்த போரில், இத்தகைய கையெழுத்துப் பட்டியல்களும் வாய்ச்சொற்களுமே குடும்பங்களுக்கு வந்து சேர்ந்த இறப்புச் சான்றுகள்.

கபானுடன் இருந்த லெப்டினன்ட் மைக் டோவ், 1954 தொடக்கத்தில் ஒரு வார இதழில் தாம் கண்டதைப் பதிவுசெய்தார். அதன் பிறகும் அவரும் மற்றவர்களும் ஓயவில்லை. 1951இல் வழங்கப்பட்டிருந்த இரண்டாம் நிலை விருதை, நாட்டின் உயர்ந்த விருதான மெடல் ஆஃப் ஹானராக உயர்த்த வேண்டும் என்று அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். விருதுக்குச் சட்டம் விதித்திருந்த கால வரம்பை இவருக்காக அமெரிக்கக் காங்கிரஸ் தளர்த்திய பிறகு, 2013 ஏப்ரல் 11 அன்று அதிபர் ஒபாமா அந்தப் பதக்கத்தைக் கபானின் தம்பி மகன் ரேயிடம் அளித்தார். முன்னாள் கைதிகள் சிலர் அவையில் அமர்ந்திருந்தார்கள். ஹெர்பர்ட் மில்லரும் இருந்தார். அப்போதும் கபானின் உடல் எங்கே என்று எவருக்கும் தெரியாது.

எலும்புக்குப் பெயர்

1954 இலையுதிர் காலத்தில் இரு தரப்பும் உடல்களைப் பரிமாறிக்கொண்டபோது, வடக்கிலிருந்து 4,000க்கும் மேற்பட்டோரின் எச்சங்கள் ஒப்படைக்கப்பட்டன. அவை ஜப்பானின் கொக்குராவில் இருந்த ஆய்வகத்தில் பல், உயரம், எலும்பு ஆகியவற்றைக் கொண்டு பரிசோதிக்கப்பட்டன. அடையாளம் காண முடியாதவை 1956இல் ஹவாய்க்குக் கொண்டுவரப்பட்டு, பஞ்ச்பௌலில் அடக்கம் செய்யப்பட்டன. கொரியப் போரின் அறியப்படாதவர்களாக அங்கே கிடந்தோர் 800க்கும் மேற்பட்டவர்கள். கபானும் அவர்களில் ஒருவர். அவரை அன்றே அடையாளம் கண்டிருக்க முடியாதா என்று கேட்பது எளிது. பல் ஏடுகள் முழுமையாக இல்லாத காலம் அது. ஒரே முகாமில், ஒரே வயதில், ஒரே பட்டினியில் இறந்த நூற்றுக்கணக்கானவர்களின் எலும்புகள் ஒன்றுபோலவே இருந்தன. அன்றைய ஆய்வாளர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மரபணுச் சோதனை வந்த பிறகும் தடை நீங்கவில்லை. கொக்குராவில் எலும்புகளைப் பாதுகாக்கத் தூவிய ஃபார்மால்டிஹைடு கலந்த பொடி, எலும்பில் இருந்த மரபணு இழைகளைச் சிதைத்தும் பிணைத்தும் விட்டிருந்தது. அழியாமல் காக்கச் செய்த வேலையே அடையாளத்தை அழித்துவிட்டது. ஆயுதப் படைகளின் மரபணு ஆய்வகம், சிதைந்த சிறு துண்டுகளையும் படித்துக் கோக்கும் புதிய வரிசையறி முறையை 2016 அளவில் கையாளத் தொடங்கிய பிறகே பஞ்ச்பௌலின் எலும்புகள் பேசத் தொடங்கின. படையில் சேர்ந்தபோது காசநோய்ச் சோதனைக்காக எடுக்கப்பட்டு, கிடங்குகளில் கிடந்த மார்பு எக்ஸ்ரே படங்களும் இத்தகைய ஆய்வில் உதவின. காறை எலும்பின் வடிவம் ஆளுக்கு ஆள் வேறுபடும் என்பதால், பழைய படத்தோடு எலும்பை ஒப்பிட முடிகிறது. இவற்றின் துணையோடு, அறியப்படாதவர்களைக் கட்டம் கட்டமாகத் தோண்டி எடுக்கும் திட்டம் 2018க்குப் பின் தொடங்கியது. பல் அமைப்பு, எலும்பு அளவீடு, சூழ்நிலைச் சான்றுகள், இழைமணி (மைட்டோகாண்ட்ரியா) மரபணு ஆகியவற்றைச் சேர்த்துவைத்து, 2021 மார்ச் 2 அன்று கபானின் அடையாளம் உறுதிசெய்யப்பட்டது.

இழைமணி மரபணு தாய்வழியாக மட்டுமே வருவது. ஒரு வயிற்றுப் பிள்ளைகளிடம் அது ஒன்றாகவே இருக்கும். அண்ணன் தம்பியின் பிள்ளைகளிடம் இராது. எனவே இத்தகைய தேடலில் காலம் எலும்புக்கு மட்டும் எதிரி அல்ல. உடன்பிறந்தவர்களும் தாய்வழி உறவினரும் ஒருவர் பின் ஒருவராக இறந்துபோனால், ஒப்பிட ஆளில்லாமல் போகும். இறந்தவரைத் தேடும் வேலை, உயிரோடு இருப்பவர்களின் ஆயுளோடு கட்டப்பட்டிருக்கிறது.

இந்த ஆய்வு எதைச் சொன்னது, எதைச் சொல்லவில்லை என்பதைப் பிரித்துப் பார்ப்பது அவசியம். இந்த எலும்புகள் யாருடையவை என்று ஆய்வகம் சொன்னது. துப்பாக்கியை ஒதுக்கிய கையும் கொதிநீர் சுமந்த கையும் இவைதான் என்பதை எந்த ஆய்வகமும் சொல்ல முடியாது. அதைச் சொன்னவர்கள் மில்லரும் டோவும் அவர்களைப் போன்றவர்களுமே. புனிதர் பட்டத்துக்கான கத்தோலிக்கத் திருச்சபையின் விசாரணையிலும் இதுவே நடந்தது. 1993இல் 'இறை ஊழியர்' என்று அறிவிக்கப்பட்ட கபானை, 2025 பிப்ரவரியில் போப் பிரான்சிஸ் 'வணக்கத்திற்குரியவர்' நிலைக்கு உயர்த்தினார். மறைசாட்சி (நம்பிக்கைக்காகக் கொல்லப்பட்டவர்) என்ற அடிப்படையில் அல்ல, பிறருக்காகத் தம் உயிரை மனமுவந்து கையளித்தவர் என்ற, 2017இல் வகுக்கப்பட்ட வழியில் அந்த முடிவு எடுக்கப்பட்டது. ஒருவர் எப்படி இறந்தார் என்பதைவிட ஏன் அங்கே தங்கினார் என்பதையே அந்த வழி கேட்கிறது; அந்தக் கேள்விக்கு விடை தரக்கூடிய சான்று, உன்சானிலும் பியோக்டோங்கிலும் உடனிருந்து உயிர் பிழைத்தவர்களின் வாக்குமூலம் ஒன்றுதான்.

ஒரு தயக்கத்தையும் இங்கே பதிவுசெய்ய வேண்டும். சாட்சியங்கள் பெரும்பாலும் விடுதலைக்குப் பின் சொல்லப்பட்டவை; ஒருவர் சொன்னது மற்றவர் சொன்னதில் கலந்திருக்கும்; புனிதராகப் போற்றப்படும் ஒருவரைப் பற்றிய நினைவில், ஆண்டுகள் ஏற ஏற மெருகும் ஏறும். ஆனாலும் கூரைத்தகட்டுப் பாத்திரம், பேன், திருடிய சோளம் போன்ற சிறு செய்திகளைக் கத்தோலிக்கரும் அல்லாதவரும் தனித்தனியே சொல்லியிருக்கிறார்கள். பக்தியால் கட்டிய கதை இவ்வளவு அழுக்கான விவரங்களைத் தேடிப் பிடிக்காது என்பது என் கணிப்பு.

2021 செப்டம்பர் 25 அன்று கபான் கான்சஸுக்குக் கொண்டுவரப்பட்டார். முதலில் பில்சனில், அவர் சிறுவனாகப் பூசைக்கு உதவிய புனித யோவான் நெப்போமுக் ஆலயத்துக்கு, பிறகு விச்சிட்டாவுக்கு. செப்டம்பர் 29 அன்று அடக்கத் திருப்பலி முடிந்து, அமலோற்பவ மாதா பேராலயத்தில் அவர் வைக்கப்பட்டார். அவருடைய பெற்றோர் அதற்கு வெகுகாலம் முன்பே இறந்திருந்தார்கள். தம்பி யூஜீனும் இல்லை.

பஞ்ச்பௌல் சுவரில் பொறித்த பெயரை அழிப்பதில்லை. காணாமற்போனவர் கண்டுபிடிக்கப்பட்டால், அவர் பெயருக்கு அருகே ஒரு சிறிய உலோகப் பூவைப் பதிப்பது வழக்கம். கபானின் பெயருக்கும் அது உரியது. அந்தச் சுவரில் பூ இல்லாத பெயர்களே இன்னும் மிகுதி. அவர்களில் பியோக்டோங்கில் இறந்தவர்களும் பலர் இருக்கிறார்கள், கபான் கொதிக்கவைத்துக் கொடுத்த நீரைக் குடித்தவர்களும் இருக்கிறார்கள்.